பெயர் கிடைக்காத பூ

மைசூர் பட்டுச் சேலைக் கடைகளில் ஒரு நிறத்துக்குப் பல பெயர்கள். கன்னடப் பெண்மணி 'நேரளே' என்று கேட்பார்; நாவல்பழம். தமிழ் வீட்டுப் பாட்டி 'கத்தரிப்பூ கலர்' என்பார். கூட வந்த பேத்தி 'ஊதா' என்று திருத்துவாள். உருது பேசும் வீட்டிலிருந்து வந்தவர் 'பைங்கனீ' என்பார், அதுவும் கத்தரிக்காய்தான். கடைப் பையன் எல்லோருக்கும் ஒரே சேலையைப் பிரித்துப் போட்டு, "வயலெட்தானே மேடம்?" என்று கேட்டு விவகாரத்தை முடித்துவிடுவான்.

நாவல்பழத்தை எல்லோரும் தின்றிருக்கிறார்கள். கத்தரிப்பூவைத் தோட்டத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அந்தக் கடைசிச் சொல் எதன் பெயர் என்று யாரும் யோசிப்பதில்லை. வயலெட் என்பது ஒரு பூ. ஆங்கிலேயர்கள் அந்தப் பூவைப் பார்த்து நிறத்துக்குப் பெயர் வைத்தார்கள். நாம் நிறத்தை வாங்கிக்கொண்டு பூவை விட்டுவிட்டோம். அது ஏதோ சீமைப் பூ, குளிர்தேசத்துச் சமாசாரம் என்று நினைப்பு.

உண்மையில் மைசூரில் காலை பஸ் ஏறினால், மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குள் அந்தப் பூ முளைக்கும் மண்ணில் கால் வைத்துவிடலாம். நஞ்சன்கூடு, குண்டலுபேட்டை, பந்திப்பூர், தெப்பக்காடு, பிறகு கொண்டை ஊசி வளைவுகள். மைசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 770 மீட்டர் உயரம்; ஊட்டி சுமார் 2,240. இடையில் ஏறக்குறைய 125 கிலோமீட்டர்தான். ஆனால் செடிகொடிகளைப் பொறுத்தவரை இது வேறு நாடு. நீலகிரியின் மேல்தளத்தில், சோலைக் காட்டின் ஓரத்திலும், புல்வெளியிலும், ஓடைக்கரைச் சதுப்பிலும் காட்டு வயலெட் வளர்கிறது. ஒன்றல்ல, மூன்று இனங்கள்.

முதலாவது வயோலா பைலோசா. பைலோசா என்றால் மயிருள்ளது என்று அர்த்தம். இதய வடிவ இலைகள், மேலே மெல்லிய ரோமம். தரையோடு கொடி விட்டுப் பரவும். சோலையின் ஈர நிழல் பிடிக்கும். இரண்டாவது வயோலா பெட்டோனிசிஃபோலியா. இதன் இலை ஈட்டிமுனை போல நீண்டிருக்கும். தண்டே வெளியில் தெரியாமல், வேரிலிருந்து இலைகள் கொத்தாகக் கிளம்பும். திறந்த புல்வெளியின் செடி. மூன்றாவது வயோலா ஹாமில்டோனியானா. சதுப்பில் படர்வது, பூ மிகச் சிறியது, வெளிறியது. சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஃபைசன், 1915-ல் நீலகிரி, பழனி மலையுச்சிகளின் தாவரங்களுக்கென்றே ஒரு நூல் வெளியிட்டார். அதிலும் இந்த வயலெட்டுகள் உண்டு, அந்தக் காலத்து லத்தீன் பெயர்களோடு.

மூன்றுமே முழங்கால் உயரம்கூட வராதவை. நின்றபடி பார்த்தால் தெரியாது. குனிந்தால்தான் தெரியும்.

குனிந்து பார்ப்பவருக்கு ஏமாற்றம் இல்லை. ஐந்து இதழ்கள். மேலே இரண்டு, பக்கவாட்டில் இரண்டு, கீழே ஒன்று. கீழிதழில் கருஊதா நிறத்தில் கோடுகள் ஓடும். அழகுக்காக வரைந்ததல்ல; வரும் பூச்சிக்கு வழிகாட்டும் அம்புக்குறிகள். கோடுகள் போய் முடியும் இடத்தில் அந்த இதழ் பின்பக்கம் ஒரு பையாக நீண்டிருக்கும். தேன் அங்கே. ஐந்து மகரந்தப் பைகளில் கீழே உள்ள இரண்டிலிருந்து இரு சிறு கொம்புகள் இந்தப் பைக்குள் நீள்கின்றன. தேனைச் சுரப்பது அந்தக் கொம்புகள், சேமித்து வைப்பது இதழ். தேனுக்காகத் தலையை நுழைக்கும் பூச்சி, சூலகத்தைச் சுற்றிக் கூம்பாக நிற்கும் மகரந்தப் பைகளை அசைத்துவிடுகிறது. உலர்ந்த மகரந்தம் மாவு சலித்ததுபோல அதன் மேல் கொட்டுகிறது. ஐரோப்பிய வயலெட்டில் இந்த ஏற்பாட்டை ஷ்ப்ரெங்கல் என்ற ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர் கவனித்து 1793-லேயே எழுதிவிட்டார். பூக்களின் நிறத்துக்கும் கோட்டுக்கும் பூச்சியோடு தொடர்பு உண்டு என்பதை அன்று பலர் நம்பவில்லை.

இவ்வளவு ஜோடனை செய்துகொண்டும் வயலெட் பூச்சியை முழுதாக நம்புவதில்லை. மலையில் மழையும் மூடுபனியும் பிடித்துக்கொண்டால் பூச்சி வராது. அதற்கு ஒரு மாற்று ஏற்பாடு உண்டு. பகட்டான பூக்கள் ஓய்ந்த பிறகு, இலைகளுக்கு அடியில் சின்னச் சின்ன மொட்டுகள் வரும். அவை கடைசிவரை திறப்பதே இல்லை. இதழ் பெயருக்கு இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. மூடிய மொட்டுக்குள்ளேயே தன் மகரந்தம் தன் சூலைச் சேர்ந்து, காய் பிடித்து, விதையும் முற்றிவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, பூக்காமலே காய்த்த செடி.

டார்வினுக்கு இதில் பெரிய ஆர்வம். கல்கத்தா தாவரவியல் பூங்காவில் வேலை பார்த்த ஜான் ஸ்காட் என்பவர், சிக்கிமின் தெராய் பகுதியிலிருந்து ஓர் இந்திய வயலெட்டின் விதைகளை அவருக்கு அனுப்பினார். டார்வின் இங்கிலாந்தில் விதைத்தார். தலைமுறை தலைமுறையாக அந்தச் செடிகள் மூடிய மொட்டுகளையே தந்தன. ஒரு முழுப்பூகூடக் காட்டவில்லை. இன்னோர் இந்திய இனத்தைப் பற்றி ஸ்காட் எழுதியது இன்னும் சுவாரசியம்: சொந்த மண்ணில் அது குளிர்காலத்தில்தான் திறந்த பூ பூக்கும்; வெயில் காலத்திலும், அதைவிட மழைக் காலத்திலும், மூடிய மொட்டுகள்தான். 1877-ல் வெளிவந்த டார்வினின் நூலில் இந்த விவரங்கள் இருக்கின்றன.

காய் முற்றியதும் மூன்று தோணிகளாகப் பிளக்கிறது. தோணியின் ஓரங்கள் காயக் காய உள்ளே நெருங்கி, வழவழப்பான விதையை நசுக்குகின்றன. ஈரமான புளியங்கொட்டையை இரு விரலில் அழுத்தினால் தெறிக்குமே, அதே தந்திரம். விதை சற்றுத் தள்ளிப் போய் விழும். விதையின் ஒரு முனையில் எண்ணெய்ப் பசையுள்ள ஒரு சிறு துணுக்கு ஒட்டியிருக்கும். அது எறும்புக்கு. எறும்பு விதையைப் புற்றுக்கு இழுத்துப் போய், துணுக்கைத் தின்றுவிட்டு, விதையை எறிந்துவிடும். புற்று மண் வளமானது. விதைக்கு அது போதும். காற்றில் பறக்கும் எருக்கு விதையோடு ஒப்பிட்டால் இது நத்தை வேகம். ஒரு தலைமுறைக்குச் சில அடிகள்.

இங்கேதான் ஒரு கேள்வி எழுகிறது. வயோலா பைலோசா நீலகிரியில் இருக்கிறது. இலங்கையின் மத்திய மலைநாட்டில் இருக்கிறது. பிறகு இமயமலையில் இருக்கிறது. நடுவே தக்காணத்தின் வெயில் சமவெளி, அங்கே இல்லை. எறும்பு இழுத்துப் போகும் விதை மைசூரையும் நாகபுரியையும் தாண்டியது எப்படி? பனியுகங்களில் நாடு முழுதும் குளிர்ந்திருந்தபோது மலைச் செடிகள் தாழ்ந்த குன்றுகளுக்கும் இறங்கி வந்தன, பிறகு வெயில் ஏறியதும் பின்வாங்கி உச்சிகளில் தங்கிவிட்டன என்பது ஒரு விளக்கம். கடலில் தீவுகள் போல, வெயிலில் தீவுகள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சுகுமாரும் சகாக்களும் நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்திருந்த மக்கிய மண்ணை எடுத்து, அதிலிருந்த கார்பனைச் சோதித்து, 1993-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடைசிப் பனியுகம் உச்சத்தில் இருந்த சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே அங்கே புல் ஓங்கியிருந்தது என்று அந்த மண் சொன்னது. அதாவது, நீலகிரிப் புல்வெளி யாரோ காட்டை வெட்டியதால் வந்த வெற்றிடம் என்ற பழைய எண்ணம் நிற்கவில்லை. கோடரி வருவதற்கு முன்பே புல் இருந்தது. புல்லோடு வயலெட்டும் இருந்திருக்க வேண்டும்.

இந்தச் செடிக்கும் மைசூருக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. 1799 மே 4-ம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்புவின் நாட்டில் என்ன விளைகிறது, என்ன நெய்கிறார்கள், எதற்கு எவ்வளவு வரி என்று கணக்கெடுக்க கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி ஆள் தேடினார். ஃபிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர் கிடைத்தார். 1800 ஏப்ரலில் சென்னையிலிருந்து புறப்பட்டவர், மைசூர், கன்னட நாடு, மலபார் என்று ஓராண்டுக்கு மேல் சுற்றினார். 1807-ல் மூன்று தொகுதிகளாக வந்த அவருடைய பயண நூல் இன்றும் வரலாற்றாசிரியர்களின் சுரங்கம். அந்தப் பயணத்தில் அவர் தணாயக்கன்கோட்டைக்கும் வந்தார். இப்போது பவானிசாகர் அணையின் நீருக்கடியில் கிடக்கும் ஊர் அது. அங்கிருந்து நீலகிரிச் சரிவில் அரக்கோடு வரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். மேல்தளத்தை எட்டவில்லை.

அடுத்து 1802-ல் நேபாளத்துக்குப் போய்ச் செடிகள் சேகரித்தார். பிற்காலத்தில் தாய்வழிச் சொத்தோடு ஹாமில்டன் என்ற பெயரும் அவருக்கு வந்தது. 1825-ல் டேவிட் டான் நேபாளத் தாவரங்களைப் பற்றி நூல் எழுதியபோது, ஒரு சதுப்பு வயலெட்டுக்கு இவர் பெயரை வைத்தார்: வயோலா ஹாமில்டோனியானா. அந்தச் செடி நீலகிரியின் மேல்தளத்திலும் இருந்தது. ஒரு மலையில் பாதியில் திரும்பியவரின் பெயர், அதே மலையின் உச்சியில் பூத்துக்கொண்டிருக்கிறது. இன்று சில தாவரவியலாளர்கள் அதை வேறோர் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். லத்தீன் பெயர்களுக்கு அந்தத் தலைவிதி சகஜம்.

லத்தீனில் இவ்வளவு பெயர்கள். தமிழில்?

பழைய மருந்துப் பொருள் நூல்களில் தமிழ்ப் பெயர் என்ற இடத்தில் இருப்பது 'வயிலெட்டு' போன்ற ஆங்கிலத் திரிபுதான். பெயர் வைப்பதில் தமிழ் ஒன்றும் கஞ்சம் அல்ல. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் மூச்சு விடாமல் 99 பூக்களை அடுக்கியிருக்கிறார். வயலெட்டுக்குப் பக்கத்திலேயே வளரும் குறிஞ்சிக்குப் பெயர் மட்டுமல்ல, ஒரு திணையே கிடைத்தது. 12 ஆண்டுக்கு ஒரு முறை மலையையே நீலமாக்குகிறது. 2018-ல் பூத்தபோது பார்க்க வந்த கார்கள் மலைப் பாதையை அடைத்தன. குறிஞ்சிக்குக் கூட்டம் உண்டு. அதன் காலடியில் இருக்கும் வயலெட்டுக்கு ஆண்டுதோறும் பூத்தும் ஆள் இல்லை.

ஆனால் இதே குடும்பத்தில் ஒரு செடிக்குத் தமிழில் அருமையான பெயர் இருக்கிறது: ஓரிதழ் தாமரை. மைசூரைச் சுற்றிய செம்மண் வெளிகளிலும் தமிழ்நாட்டுச் சமவெளிகளிலும், மழை பெய்ததும் தரையிலிருந்து தலைகாட்டும் சிறு செடி. இதுவும் வயலெட் குடும்பம்தான். லின்னேயஸ் 1753-ல் இதை வயோலா என்றே பதிவு செய்தார். வேறு பேரினங்களுக்கு மாற்றியது பின்னால் வந்தவர்கள். பூவில் ஐந்து இதழ்கள் உண்டு. நான்கு கண்ணுக்கே எட்டாத அளவு சிறியவை. கீழிதழ் மட்டும் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவில் விரிந்து நிற்கும். ஒரே இதழ் உள்ள தாமரை என்று பெயர் வைத்த கிராமத்தான், லின்னேயஸ் அளவுக்குக் குனிந்து பார்த்திருக்கிறான். இதன் காயும் மூன்று தோணியாகத்தான் பிளக்கிறது, விதையும் தெறிக்கிறது.

கன்னடத்தில் இதன் பெயர் 'புருஷரத்ன'. காரணத்தை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. ஆண்களின் தாது பலத்துக்கு என்று சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் கேட்கப்படும் மூலிகை. தமிழ் மருந்துக் கடைகளில் பொடியாகப் பொட்டலத்தில் கிடைக்கும். ஆக, பெயர் ஏன் நிலைத்தது என்பதில் ரகசியம் இல்லை. வாங்க வேண்டுமானால் பெயர் சொல்லித்தானே கேட்க வேண்டும்?

மலை வயலெட்டுக்கும் இந்த விதி பொருந்துகிறது. மைசூரில் 'கிரந்திகெ அங்கடி' என்று சொல்லப்படும் நாட்டு மருந்துக் கடைகளில் யுனானிச் சரக்கும் உண்டு. 'பனஃப்ஷா' என்று கேட்டால் இருமல் கஷாயத்துக்கான காய்ந்த சருகைக் காகிதத்தில் மடித்துத் தருவார்கள். பாரசீகத்தில் வயலெட்டுக்குப் பெயர் அது. அந்த மொழியிலும் அதுவே நிறத்தின் பெயரும்கூட. அசல் பனஃப்ஷா, வாசனையுள்ள வயோலா ஓடோராடா என்ற இனம். ஆனால் இமயமலைச் சரிவுகளில் வேறு வயலெட்டுகளையும் அதே பெயரில் பறித்து மூட்டை கட்டி அனுப்புகிறார்கள். அவற்றில் ஒன்று நம்முடைய வயோலா பைலோசா.

இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். ஒரே செடி. இமயமலையில் அதற்குப் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது, பறிக்க ஆள் இருக்கிறது. நீலகிரியில் விலை இல்லை. அதனால் சந்தைக்கு வரவில்லை. அதனால் சமவெளித் தமிழன் வாயில் பெயரும் இல்லை. பெயர் இல்லாததால் ஒரு லாபமும் உண்டு: யாரும் வேரோடு பிடுங்குவதில்லை. இமயத்தில் பனஃப்ஷா பறிப்பவர்கள் மிச்சம் வைப்பதில்லை என்பது அங்கே பழைய புகார். ஓரிதழ் தாமரைக்கும் அதே ஆபத்து; விதை விழுவதற்கு முன்பே செடியோடு பிடுங்கிவிடுகிறார்கள்.

அப்படியானால் பெயர் இல்லாமலே இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்லிவிடலாமா? முடியாது. பெயர் இல்லாததன் நஷ்டத்தை நீலகிரியும் பழனி மலையும் வேறு விதத்தில் அனுபவித்திருக்கின்றன.

மலைமேல் ஏறிய ஆங்கிலேயர்கள் சோலையைக் காடு என்று எழுதினார்கள். புல்வெளிக்கு அவர்கள் பதிவேட்டில் விழுந்த பெயர் 'வேஸ்ட்'. தமிழில் அது தரிசு ஆயிற்று. மேலிருந்து பார்த்தால் பச்சை வெற்றிடம். மரம் இல்லையா, நடு. 19-ம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே ஆஸ்திரேலியாவிலிருந்து வாட்டிலும் யூகலிப்டஸும் வந்துவிட்டன. விறகுக்கு, பிறகு தோல் பதனிடும் பட்டைக்கு, பிறகு ரேயான் கூழுக்கு என்று காரணங்கள் மாறின, நடுவது மாறவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு அரசு நட்டது இன்னும் அதிகம். தேயிலையும் காய்கறியும் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டன. பழனி மலையின் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018-ல் வெளியான ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கணக்குச் சொன்னது. போன இடத்தில் பெரும்பாலும் மரம் இருக்கிறது. சுற்றுலா வருகிறவர் கண்ணுக்குப் பச்சையாகத்தான் தெரியும். எதுவும் அழிந்ததாகவே தோன்றாது.

வாட்டில் காட்டுக்குள் புகுந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நெருக்கமான கம்பங்கள், கீழே சருகு, இருட்டு. வெயிலை நம்பிய புல்வெளிச் செடி அங்கே பிழைக்காது. எறும்பை நம்பிச் சில அடி நகரும் வயலெட், நூறு ஏக்கர் மரத்தோப்பைத் தாண்டி அடுத்த புல்வெளிக்குப் போய்ச் சேரவும் முடியாது.

அது மட்டும் போவதில்லை. ஃப்ரிட்டிலரி என்ற ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிகள் உண்டு, இறக்கையில் கரும்புள்ளிகள். நீலகிரியில் ஒன்று. பழனி, ஆனைமலை உச்சிகளில் இன்னொன்று. உலகில் வேறெங்கும் இல்லாத அதற்குப் பழனியின் பெயரே வைத்திருக்கிறார்கள். இவற்றின் புழுக்களுக்குச் சோறு வயலெட் இலை. பட்டாம்பூச்சி எந்தப் பூவிலும் தேன் குடிக்கும். ஆனால் முட்டையிட வயலெட்டைத் தேடியாக வேண்டும். சமவெளியிலும் இதே கதையின் சிறு பிரதி நடக்கிறது. மைசூர்த் தோட்டங்களில் சோம்பேறித்தனமாகப் பறக்கும் செம்பழுப்புப் பட்டாம்பூச்சி ஒன்றின் புழு, ஓரிதழ் தாமரையைத் தின்று வளர்வது. அதன் பழைய லத்தீன் பெயரே 'வயலெட்டினுடையது' என்று அர்த்தப்படும். ஆனால் அதற்குக் கொடித்தோடை போன்ற வேறு செடிகளும் சாப்பாடு ஆகும், பிழைத்துக்கொள்ளும். மலைப் பட்டாம்பூச்சிக்கு அந்த வசதி கிடையாது.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. மழையை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடுவது இந்தப் புல்வெளிகளும் அவற்றின் மடியில் கிடக்கும் சதுப்புகளும். பைக்காரா, குந்தா மின்நிலையங்களைச் சுழற்றுவதும், மாயாற்றிலும் பவானியிலும் இறங்கிக் காவிரியில் சேர்வதும் அந்தத் தண்ணீர்தான். தரிசு என்று எழுதிய நிலம் இரண்டு நூற்றாண்டாகத் தண்ணீர் சப்ளை செய்துகொண்டிருந்தது. கணக்குப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

இப்போது தெரிந்திருக்கிறது, தாமதமாக. 1990-ல் தேசியப் பூங்காவான முக்குருத்தியில் வாட்டிலை அகற்றிப் புல்லை மீட்கும் வேலை நடந்திருக்கிறது. அந்நிய மரங்களை அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவுகள் போட்டது. 2022-ல் தமிழ்நாடு அரசு ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கை வெளியிட்டது. ஆனால் வாட்டில் லேசுப்பட்டதல்ல. வெட்டினால் துளிர்க்கும்; அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, வெளிச்சம் பட்டதும் எழுந்துகொள்ளும். அதனால் வெட்டுவதோடு வேலை முடியாது. புல் நாற்று வளர்த்து நட வேண்டும். அங்கே என்னென்ன இருந்தது என்று தெரிந்தால்தான் எதைத் திரும்பக் கொண்டுவருவது என்று தெரியும். இந்த இடத்தில் பெயர் தேவைப்படுகிறது. 'புல்' என்று ஒற்றைச் சொல்லில் நினைப்பவர் புல்லை மட்டுமே நடுவார்.

சொல் உருவாக்குவது மைசூருக்குப் புதிய தொழில் இல்லை. 1969-ல் தொடங்கிய இந்திய மொழிகளின் மத்திய நிறுவனம் மானசகங்கோத்ரியில் இருக்கிறது. கல்லூரிப் பாடநூல்களை இந்திய மொழிகளில் கொண்டுவர 2008-ல் உருவான தேசிய மொழிபெயர்ப்பு இயக்கமும் அந்த வளாகத்தில்தான். அந்த வகை நூல்களில் வயலெட் வந்தால் 'வயோலா' என்று எழுதிவிடலாம்; மாணவனுக்குப் பரீட்சையில் மார்க் கிடைக்கும். கதை, கவிதையை மொழிபெயர்ப்பவர் பாடுதான் திண்டாட்டம். 'ஊதாப்பூ' என்று போட்டால் படிப்பவர் மனதில் கத்தரிச்செடி வந்து நிற்கும். 'வயலெட் மலர்' என்றால் இங்கிலாந்து வந்து நிற்கும். ஊட்டிக்குப் போகும் வழியில் காலில் மிதிபட்ட செடி மட்டும் வராது.

கலைச்சொல்லை அறைக்குள் உட்கார்ந்து உண்டாக்கலாம். பெயர் அப்படி வருவதில்லை. தோடர்களும் கோத்தர்களும் படகர்களும் குறும்பர்களும் அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். எருமை எதைத் தின்னும், எதை ஒதுக்கும் என்று பார்த்துப் பார்த்துப் பழகிய தோடர், எருமையின் வாய்க்கு நேரே பூத்திருக்கும் செடியைப் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார். அமெரிக்க மொழியியலாளர் எமனோ 1930-களில் நீலகிரியில் தங்கித் தோடர் பாடல்களைக் கேட்டுக் கேட்டு எழுதி, 1971-ல் பெரிய நூலாக வெளியிட்டார். இடம், எருமை, கோயில் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்திருக்கும் மொழி அது. புதிதாக ஒரு சொல்லைச் செய்வதற்கு முன் அங்கே போய்க் கேட்பதுதான் முறை. மைசூரிலிருந்து நாலைந்து மணி நேரம்.

கேட்கும்போது செடியைக் காட்டித்தான் கேட்க வேண்டும். பெயர் தெரிந்த கிழவியும், காட்டுவதற்குச் செடியும், அது நிற்கப் புல்லும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். மூன்றும் குறைந்துகொண்டு வருகின்றன.